மூன்றாம் முறை வந்த கண் கட்டி: மேல் இமையில் ஒரு எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய்

62 வயதுப் பெண்மணி. திருச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம். வலது மேல் இமையில் கட்டி என்று மகளோடு எங்கள் இமை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். கட்டி தோன்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு வெவ்வேறு இடங்களில் கீறிச் சுரண்டி எடுத்தும் அதே இடத்தில் மறுபடியும் வந்திருக்கிறது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இவரது அடையாளம் தெரியக் கூடாது என்பதால், இதே நோயோடு வந்த ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை இந்த ஒருவரில் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நோய் வந்த வரலாறு

முதலில் கடுகளவு உருண்டை. வலி இல்லை. வீட்டில் எல்லோரும் சூட்டுக்கட்டி என்றார்கள். நாமக்கட்டியை உரைத்துப் பற்றுப் போட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். கட்டி அப்படியே இருந்தது. பக்கத்து டவுனில் காட்டியபோது கலேசியன் (சுரப்பி அடைத்து வரும் தீங்கற்ற இமைக் கட்டி) என்று சொல்லி, வெந்நீர் ஒத்தடமும் களிம்பும் கொடுத்தார்கள். குறையாததால் மரத்துப்போக ஊசி போட்டு, இமையைத் திருப்பி, உட்புறமாகக் கீறிச் சுரண்டி எடுத்தார்கள். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. பிறகு அதே இடத்தில் மீண்டும் தட்டுப்பட்டது. இன்னொரு இடத்தில் மறுபடி சுரண்டினார்கள். இந்த முறை ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கண் சிவக்க ஆரம்பித்திருக்கிறது. அந்த ஒரு கண் மட்டும். காலையில் பீளை, நாள் முழுக்க உறுத்தல். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். போட்டால் சிவப்பு குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். இப்படியே நான்கு மாதம் ஓடியது.

இமை முடி கொட்டியிருப்பதைக் கவனித்தது மகள். சொட்டு மருந்து விடும்போது பார்த்திருக்கிறார். அம்மாவிடம் கேட்டதற்கு, "வயசானா முடி கொட்டத்தானே செய்யும்" என்று பதில். மகள் விடாமல் அழைத்து வந்தார். இந்தக் குடும்பத்தில் நோயைச் சரியாகச் சந்தேகித்த முதல் ஆள் அவர்தான் என்று நான் அவரிடமே சொன்னேன்.

நான் கேட்ட முதல் கேள்வி, சுரண்டி எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்பது. "தெரியலீங்க டாக்டரம்மா. பஞ்சோட சேர்த்து ஒரு தட்டுல போட்டாங்க. அப்புறம் நாங்க ஒண்ணும் கேட்டுக்கல." சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தோம். பயாப்ஸி ரிப்போர்ட் எதுவும் இல்லை.

பரிசோதனையில் கண்டது

வலது மேல் இமையின் வெளிப்பாதியில் 12 மி.மீ. அகலத்தில் கெட்டியான கட்டி. மேல் தோல் கட்டியின் மீது நகர்கிறது, ஆனால் கட்டி இமைக்குள் இருக்கும் கெட்டியான தட்டோடு ஒட்டியிருக்கிறது. கட்டிக்கு நேராக இமை முடிகள் முற்றிலும் இல்லை. அதற்கு இரண்டு பக்கமும் முடிகள் வரிசையாக நிற்கின்றன. முதுமையில் முடி கொட்டினால் இப்படி ஒரே இடத்தில், அதுவும் ஒரே இமையில், வழித்துவிட்டது போலக் கொட்டாது.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தால் இமை விளிம்பில் எண்ணெய்ச் சுரப்பித் துளைகள் சிறு புள்ளிகளாக வரிசையில் தெரிய வேண்டும். கட்டி இருந்த இடத்தில் துளைகள் அழிந்து, விளிம்பு தடித்து, ஒழுங்கற்று இருந்தது. இமையைத் திருப்பினேன். உள்பக்கம் வெண்ணெய் நிறத்தில் மஞ்சள் பாய்ந்த மேடு, அதன் மேல் கோணல்மாணலாக ஓடும் ரத்தக் குழாய்கள். இமையின் உட்புறத்தையும் வெள்ளை விழியையும் போர்த்தும் மெல்லிய படலம், மேட்டைச் சுற்றியும் வெள்ளை விழியின் மேற்பகுதியிலும் வெல்வெட்டு போலத் தடித்துச் சிவந்திருந்தது. அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணம் செல்களுக்குள் இருக்கும் கொழுப்பு. பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் உறுதிப்பட்டது அந்த நிறத்தால்தான்.

கண் எல்லாத் திசையிலும் சரியாக அசைந்தது, விழி முன்தள்ளவில்லை. பார்வை 6/12 (இயல்பு 6/6), அந்தக் குறைவு கண்புரையால். காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் தடவிப் பார்த்ததில் நெறி எதுவும் கட்டியிருக்கவில்லை. மேல் இமையின் நிணநீர் பெரும்பாலும் காதுக்கு முன்னால் உள்ள முடிச்சுகளுக்கும், கீழ் இமையின் மூக்கோரப் பகுதியின் நிணநீர் தாடைக்கு அடியிலும் வடியும். இமைக் கட்டியோடு வருபவருக்கு இந்த இடங்களைத் தொட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைச் செய்யாமல் சீட்டு எழுதக் கூடாது.

இது என்ன நோய்

நம் இமைகளுக்குள் குருத்தெலும்பு போன்ற ஒரு தட்டு உண்டு. அதற்குள் மெய்போமியன் சுரப்பிகள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கும்; மேல் இமையில் ஏறத்தாழ 30, கீழ் இமையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 1666-இல் இவற்றை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மெய்போமின் பெயரையே இவை தாங்குகின்றன. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் இருக்க அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் போர்த்துவது இவற்றின் வேலை. துளை அடைத்துக்கொண்டால் எண்ணெய் உள்ளேயே தேங்கி, அதைச் சுற்றி வீக்கம் கட்டும். அதுதான் கலேசியன். தீங்கற்றது, மிகச் சாதாரணமானது.

இதே சுரப்பியின் செல்கள் புற்றாக மாறினால் செபேசியஸ் கார்சினோமா. இமை முடியின் அடியிலுள்ள சைஸ் சுரப்பிகளிலிருந்தும், கண்ணின் உள் மூலையில் இருக்கும் சிவப்புத் திட்டிலிருந்தும் வரலாம். ஆனாலும் பெரும்பாலும் மெய்போமியனில்தான் தொடங்கும். மேல் இமையில் அந்தச் சுரப்பிகள் அதிகம் என்பதால் நோயும் அங்கேதான் அதிகம். 60 வயதை ஒட்டியவர்களிடமும், பல பதிவுகளில் பெண்களிடம் சற்றுக் கூடுதலாகவும் காணப்படுகிறது.

மேலை நாட்டுப் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது. அங்கே இமைப் புற்றுகளில் பத்தில் ஒன்பது, தோலின் அடியடுக்குச் செல்களில் தொடங்கும் பேசல் செல் வகை. செபேசியஸ் வகை 1 முதல் 5 சதவீதம். இந்தியாவில் நிலைமை வேறு. ஹைதராபாத்தில் 536 இமைப் புற்று நோயாளிகளை ஆராய்ந்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது செபேசியஸ் வகைதான். பேசல் செல் நான்கில் ஒரு பங்கு. வெயிலால் வரும் பேசல் செல் புற்று நம் தோலில் குறைவு என்பதால் மற்றதன் பங்கு உயர்ந்து தெரிகிறது என்பது இதற்கு ஒரு விளக்கம். விளக்கம் எதுவாக இருந்தாலும், திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இமைக் கட்டியைப் பார்க்கும் மருத்துவர், லண்டனில் அச்சான புத்தகம் 'அரிது' என்று சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மொத்த மக்கள்தொகையோடு பார்த்தால் இது அரிய நோய்தான். ஆனால் இமையில் புற்று என்று வந்துவிட்டால் நமக்கு முதலில் தோன்ற வேண்டிய பெயர் இது.

வேடம் போடுவதில் இந்த நோய் கைதேர்ந்தது. ஒரு வேடம் கலேசியன். இன்னொன்று ஆறாத கண் சிவப்பு. இந்த அம்மாவிடம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுரண்டும்போது மேலாக இருக்கும் பகுதி போய்விடுவதால் கட்டி கரைந்தது போலத் தோன்றும். ஸ்டீராய்டு சொட்டு வீக்கத்தைக் கொஞ்சம் தணிப்பதால் கண் தெளிந்தது போலத் தோன்றும். இரண்டுமே நோயாளிக்கும் மருத்துவருக்கும் பொய்யான நிம்மதியைக் கொடுக்கின்றன. புற்று வளர்வதோ நிற்கவில்லை.

இருபது வயதுக் கல்லூரி மாணவிக்குப் பரீட்சை நேரத்தில் வரும் கட்டியெல்லாம் புற்றா என்று யாரும் பதற வேண்டாம். அவை பெரும்பாலும் ஒத்தடத்திலேயே போய்விடும். நாற்பதைத் தாண்டியவருக்கு ஒரே இடத்தில் திரும்ப வந்த கட்டி, கட்டிக்கு நேரே முடி கொட்டியது, ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்திருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் சுரண்டியதைத் தூக்கி எறியக் கூடாது. பத்து சதவீத ஃபார்மலின் ஊற்றிய சிறு டப்பா, ஒரு லேபிள், ஒரு படிவம், இவ்வளவுதான் தேவை. நெரிசலான புற நோயாளிப் பிரிவில் இதுகூடச் சுமையாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சுமைக்காக ஒரு கண்ணை, சில வேளை ஓர் உயிரை, விலையாகக் கொடுக்க முடியாது.

சுரண்டலில் கிடைத்த துணுக்குகளில் புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் அதோடு முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். துணுக்கு நோயில்லாத இடத்திலிருந்து வந்திருக்கலாம். கட்டி திரும்ப வந்தால் இமையின் முழுத் தடிமனும் வரும்படி ஒரு சிறு ஆப்பு வெட்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பயாப்ஸி

முந்தின நாளே நோய்க்கூறு மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இதற்குக் காரணம் உண்டு. வழக்கமான முறையில் திசுவை மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹாலிலும் சைலினிலும் முக்கி எடுப்பார்கள். செல்லுக்குள் இருக்கும் கொழுப்பு அதில் கரைந்துவிடும். வெறும் ஓட்டைகள்தான் மிஞ்சும். கொழுப்பை நேரடியாகச் சிவப்பில் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயத்துக்கு மெழுகில் பதிக்காத திசுவை உறைய வைத்து வெட்ட வேண்டும். மெழுகில் பதித்த திசுவிலேயே அடிபோஃபிலின் என்ற புரதத்தைச் சாயமேற்றிப் பார்க்கும் முறை இப்போது இருப்பதால் வேலை எளிதாகியிருக்கிறது. ஆனாலும் மருத்துவச் சந்தேகம் என்னவென்று படிவத்தில் எழுதாவிட்டால், கொழுப்பு கரைந்துபோன செல்களைப் பார்ப்பவர் அதைச் செதிள் செல் புற்று என்றோ பேசல் செல் என்றோ சொல்லிவிடக் கூடும்.

கட்டியிலிருந்து ஓர் ஆப்பு. அதோடு கண்ணின் படலத்தில் பல இடங்களிலிருந்து கடுகளவுத் துணுக்குகள்: வெள்ளை விழியின் நான்கு பக்கம், மேல் மடிப்பு, கீழ் இமையின் உட்பக்கம் இரண்டு இடம். ஒவ்வொன்றும் தனித்தனி டப்பாவில், எண் போட்டு. ஒரு காகிதத்தில் கண்ணை வரைந்து, எந்த எண் எந்த இடம் என்று குறித்து அனுப்பினோம். இதற்கு மேப் பயாப்ஸி என்று பெயர்.

இத்தனை இடங்களில் எடுப்பதற்குக் காரணம் இந்த நோய் பரவும் விதம். கட்டியாகத் திரண்டு நிற்பதோடு, அதன் செல்கள் தோலின், படலத்தின் மேலடுக்குக்குள்ளேயே தனித்தனியாக ஊர்ந்து போகும். லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் 1874-இல் முலைக்காம்பில் விவரித்த நோயில் இப்படித்தான் இருக்கும் என்பதால் பேஜெடாய்டு பரவல் என்கிறோம். அறுகம்புல்லின் தண்டு ஓடுவது போல: மேலே ஒன்றும் தெரியாத இடத்திலும் அடியில் ஓடியிருக்கும், நடுவில் ஒரு இடம் சுத்தமாக இருக்கும், அதைத் தாண்டி மறுபடி முளைக்கும். கண்ணுக்குத் தெரிந்த கட்டியை மட்டும் வெட்டினால் மீதி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

முடிவு வந்தது. நுரை போன்ற சைட்டோபிளாசம் கொண்ட செல்கள் மடல் மடலாக, நடுவில் அழுகிப்போன பகுதிகள், ஏராளமான செல் பிளவுகள். சாயமேற்றிப் பார்த்ததில் அடிபோஃபிலின் பாசிட்டிவ், இந்த நோயில் பொதுவாகக் காணப்படும் இன்னொரு புரதமான இ.எம்.ஏ.வும் பாசிட்டிவ். பேசல் செல்லில் பொதுவாகப் பாசிட்டிவாக வரும் பெர்-ஈ.பி.4 என்ற சாயச் சோதனை நெகட்டிவ். மேல் இமையின் உட்படலத்திலும், வெள்ளை விழியின் மேற்பக்கத் துணுக்கிலும் பேஜெடாய்டு பரவல். மற்ற இடங்கள் சுத்தம். கண்குழி சி.டி.யிலும் கழுத்து அல்ட்ராசவுண்டிலும் மார்பு சி.டி.யிலும் பரவலுக்கான அறிகுறி இல்லை. 10 மி.மீ.க்கு மேல், 20-க்குள், இமை விளிம்பும் தட்டும் பாதிக்கப்பட்டிருந்ததால் புற்றின் நிலையை வகுக்கும் ஏ.ஜே.சி.சி. முறையின் எட்டாம் பதிப்பின்படி டி2பி நிலை.

சொன்ன விதம்

அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு மகளிடம் மட்டும் சொல்லச் சொன்னார் மருமகன். நான் சம்மதிக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கப் போவது அந்த அம்மா. என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவரால் அதைத் தாங்க முடியாது.

"அம்மா, இது சூட்டுக்கட்டி இல்ல. இமையில இருக்கிற எண்ணெய்ச் சுரப்பில வந்த புற்றுநோய். இப்போதைக்கு வேற எங்கயும் போகல. இமையோட பெரும்பகுதியை எடுத்துட்டு, கீழ் இமையில இருந்து சதை கொண்டாந்து புது இமை கட்டப் போறோம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கண்ணு இருக்குமா?" என்றார். கண் இருக்கும், பார்வையும் இருக்கும் என்றேன். "கரண்ட் வைக்கணுமா?" என்று அடுத்த கேள்வி. ஊரில் யாருக்கோ கதிர்வீச்சு கொடுத்ததைப் பார்த்திருக்கிறார். இந்தக் கட்டத்தில் தேவையில்லை என்று விளக்கினேன். நோய் கண்குழிக்குள் இறங்கியிருந்தால், அல்லது கண்ணின் படலம் முழுவதும் பரவியிருந்தால், கண்ணையும் குழியையும் சேர்த்து எடுக்க வேண்டி வந்திருக்கலாம் என்பதை மகளும் மருமகனும் கேட்டபோது மறைக்கவில்லை.

அறுவை சிகிச்சை

கட்டியைச் சுற்றி 5 மி.மீ. நல்ல திசுவையும் சேர்த்து எடுத்தோம். மேல் இமையின் நீளமே ஏறத்தாழ 30 மி.மீ. தான், 12-உடன் இரு பக்கமும் ஐந்தைந்து சேர்த்தால் 22. ஏறத்தாழ முக்கால் இமை போய்விடுகிறது. ஓரங்களை அறுவை அரங்கில் இருக்கும்போதே உறைவெட்டில் (திசுவை உறைய வைத்து உடனே வெட்டிப் பார்க்கும் முறை) பார்த்தோம், சுத்தமாக வந்தது. ஆனால் தனித்தனியாக ஊரும் செல்கள் உறைவெட்டில் கண்ணுக்குத் தப்புவது உண்டு. அதனால் உடனே இமையைக் கட்டாமல், விழியின் மேல் தாராளமாகக் களிம்பு போட்டு ஈரம் காயாதபடி மூடிவைத்து, மெழுகுவெட்டு ரிப்போர்ட் வர இரண்டு நாள் காத்திருந்தோம். அவசரப்பட்டுக் கட்டிவிட்டு, ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறது என்று பிறகு தெரிந்தால் கட்டியதைப் பிரிக்க வேண்டும். காத்திருப்பது நோயாளிக்குக் கஷ்டம்தான், ஆனால் அது தேவையான கஷ்டம். விழியின் மேற்பக்கப் படலத்தில் நோய் இருந்த பகுதியை எடுத்து, அதன் விளிம்புகளுக்குக் குளிர்வித்து உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தோம்.

ஓரங்கள் சுத்தம் என்று உறுதியான பிறகு கட்லர்-பியர்டு முறையில் இமையைக் கட்டினோம். 1955-இல் வெளியான உத்தி. மேல் இமையின் பெரும்பகுதி போனவர்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது. கீழ் இமையின் விளிம்பை ஒரு பாலமாக அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே முழுத் தடிமனில் ஒரு மடலை வெட்டி, பாலத்தின் அடியால் மேலே இழுத்து, மேல் இமையின் மிச்சத்தோடு தைப்பது. மேல் இமைக்கு விறைப்பு வேண்டும் என்பதால் காதுமடலிலிருந்து குருத்தெலும்புத் துண்டு ஒன்றை அடுக்குகளுக்கு நடுவே வைத்தோம். பாலமாக விட்ட விளிம்பில் அதன் ரத்தக் குழாய் அறுபடாதிருக்க, வெட்டு விளிம்பிலிருந்து நான்கைந்து மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக வெட்டினால் கீழ் இமை விளிம்பே கருகிவிடும்.

இதன் விலை, ஆறு முதல் எட்டு வாரம் அந்தக் கண் மூடியே இருக்கும். அந்த அம்மா முதல் வாரம் டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோதெல்லாம் ஒரே கேள்வி: "உள்ள கண்ணு இருக்குதுல்ல?" டார்ச்சை மடலின் மேல் வைத்துக் காட்டினால் வெளிச்சம் சிவப்பாகத் தெரிகிறது என்பார். அதற்குப் பிறகுதான் முகம் தெளியும். வீட்டிலும் மகள் தினமும் செல்போன் டார்ச்சால் அதைச் செய்திருக்கிறார். நாங்கள் சொல்லிக் கொடுத்ததல்ல அது. இப்போது இந்த அறுவை செய்துகொள்ளும் எல்லோருடைய வீட்டாருக்கும் இதைச் சொல்லி அனுப்புகிறேன்.

ஏழாம் வாரம் மடலைப் பிரித்து இரண்டு இமைகளாக்கினோம். மேல் இமை மூடுகிறது, திறக்கிறது. முடி மட்டும் இராது. அதை முன்பே சொல்லியிருந்தோம்.

காயங்கள் நன்றாக ஆறியபின், படலத்தில் மிச்சமிருக்கக்கூடிய செல்களுக்காக 0.04 சதவீத மைட்டோமைசின் சொட்டு. ஒரு வாரம் தினம் நான்கு வேளை, அடுத்த வாரம் ஓய்வு, மறுபடி ஒரு வாரம் என்று சுற்றுகளாக. இது புற்றுநோய் மருந்து. கண்ணீர்த் துளை வழியாக மூக்குக்குள் இறங்காமல் இருக்கத் துளைக்குச் சிறு அடைப்பு வைத்தோம். சிவப்பும் எரிச்சலும் இருந்தன. நடுவில் ஒரு சுற்றைத் தள்ளிப்போட வேண்டி வந்தது.

குடும்பத்தைக் கேட்டது

எண்ணெய்ச் சுரப்பிக் கட்டியோடு குடல், கருப்பைப் புற்றும் ஒரே குடும்பத்தில் வரும் மியூர்-டோரே நோய்க்கூட்டம் ஒன்று உண்டு. 1967-இலும் 1968-இலும் தனித்தனியாக விவரிக்கப்பட்டது. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் ஜீன்களில், முக்கியமாக எம்.எஸ்.எச்.2-இல், பழுது இருப்பதே காரணம். இமையில் வரும் கட்டிகளில் இந்தத் தொடர்பு குறைவு. ஆனாலும் கேட்காமல் விடக் கூடாது. இவருடைய தம்பிக்கு ஐம்பது வயதுக்கு முன்பே பெருங்குடல் புற்றுக்கு அறுவை நடந்திருக்கிறது. இதைக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. கட்டித் திசுவில் அந்த ஜீன்கள் உருவாக்கும் புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்ததில் இழப்பு தெரியவில்லை. தம்பியின் வரலாற்றைக் கருதி அம்மாவுக்குக் கொலனோஸ்கோப்பி செய்தோம், நார்மல். தம்பியையும் அவர் பிள்ளைகளையும் மரபியல் ஆலோசனைக்கு அனுப்பியிருக்கிறோம்.

இப்போது

பழைய பதிவுகளில் இந்நோயால் இறந்தவர்களின் விகிதம் 30 சதவீதம் வரை போனது. சீக்கிரம் கண்டு, ஓரங்களைச் சோதித்து அறுக்கும் மையங்களில் இன்று அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. வித்தியாசத்தில் பெரும்பங்கு, நோய் எத்தனை மாதம் வேறு பெயரில் சிகிச்சை பெற்றது என்பதில் இருக்கிறது.

அந்த அம்மா இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தார். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இரண்டு இமைகளையும் திருப்பிப் பார்த்து, காதுக்கு முன்னாலும் கழுத்திலும் தடவி, அல்ட்ராசவுண்டும் எடுக்கிறோம். ஒருமுறை காதுக்கு முன்னால் 8 மி.மீ. நெறி தட்டுப்பட்டது, ஊசியில் எடுத்துப் பார்த்ததில் சாதாரண வீக்கம். மேப் பயாப்ஸி இரண்டாம் முறை செய்ததில் எல்லாத் துணுக்குகளும் சுத்தம். வலது கண்ணின் புரை முற்றிக்கொண்டு வருவதால் அதை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். சொட்டு மருந்தின் கடைசிச் சுற்று முடிந்து கருவிழி தெளிவாக இருப்பதால், அடுத்த வருகையில் லென்ஸ் அளவு எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறோம்.